கணக்குக் கேட்கிற ஆபீஸ்

சந்தானம் வீட்டுக் கொல்லையை ஒட்டியிருக்கும் குளத்தைப் பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் கோர்வெல்டன் கம்பெனியில் அன்றைக்கு என்ன சாயம் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். வாரத் தொடக்கத்தில் குளம் நீலமாக இருக்கும். வாரக் கடைசிக்குள் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் எல்லாம் கலந்து, பேர் வைக்க முடியாத ஒரு நிறம். ஒரு வருஷம் சரஸ்வதி பூஜை முடிந்து தெருக்காரர்கள் சிலையை அதில் கரைத்தார்கள். மறுநாள் களிமண் கரைந்து மிதந்துவந்த வைக்கோல் கூடு கிளிப்பச்சையாக இருந்தது. கலைகளுக்கு அதிபதி, அவளுக்கு வர்ணம் பிடிக்காமலா இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

வர்ணத்தோடு நின்றிருந்தால் சந்தானமும் பொறுத்துக்கொண்டிருப்பார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, ஹவுராவிலேயே ஒரு சந்தில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தவருக்குப் பொறுமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, சந்து முழுக்க நம்பியிருந்த கைபம்பில் வர ஆரம்பித்தது. அவர் மனைவி சகுந்தலாவின் விரல்கள் வெடித்துப் புண்ணாயின. அரிசி களைந்தால் எரியும். புளி கரைத்தால் உயிர் போகும்.

"எனக்குக் குளம் பால் மாதிரி ஆகணும்னு இல்ல," என்றாள் அவள். "அந்தக் கம்பெனிக் குழாய மூடச் சொல்லுங்க. இல்லன்னா எங்கேருந்தாவது ஒரு குடம் நல்ல தண்ணி வர்றதுக்கு வழி பண்ணுங்க."

கம்பெனியின் பின்சுவரிலிருந்து குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயைத்தான் சொன்னாள். அந்தச் சந்தில் யாரும் கடைசிவரை இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் கூட்டமைப்பு வந்து சேர்ந்தது. முழுப்பெயர் 'ஓவர்சீஸ் அக்கவுண்டபிலிட்டி கலெக்டிவ்'. பணக்கார நாட்டுக் கம்பெனிகள் கடல் தாண்டி வந்து ஏழை நாட்டு மண்ணையும் நீரையும் கெடுத்தால், கழுத்தைப் பிடித்துக் கணக்குக் கேட்பது அதன் வேலை. தலைமையகம் ஒரு குளிர்தேசத்தில் இருந்தது. கோர்வெல்டனின் தலைமையகமும் அதே ஊரில்தான்; இரண்டு கட்டடங்களும் ஒரே பூங்காவைப் பார்த்து நின்றதாகக் கேள்வி. கல்கத்தாக் கிளை நியூ டவுனில், பதினோராவது மாடியில். அந்த நீளமான பெயர் சகுந்தலாவின் வாயில் நுழையவில்லை. 'கணக்குக் கேக்கிற ஆபீஸ்' என்று வைத்தாள். அது சந்தில் வங்காளிகளுக்கும் பிடித்துப்போய் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ஆபீஸிலிருந்து வந்தவள் சத்யப்ரியா. அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தபோது இங்கேயே படித்து வளர்ந்த பெண். பாதிக்கப்பட்டவர்களைத் தேடிச் சந்து சந்தாக அலைந்தவள், ஜன்னல் வழியே தமிழில் யாரோ அலுத்துக்கொள்வதைக் கேட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா? காலைலேர்ந்து இந்தப் பேட்டை முழுக்கச் சுத்திட்டேன், ஒருத்தரும் சரியா சஃபர் பண்றதைச் சொல்ல மாட்டேங்கறாங்க."

சகுந்தலா அடை வார்த்துப் போட்டாள். சத்யப்ரியா மூன்று சாப்பிட்டாள். இரண்டாவது அடையிலேயே ஆன்ட்டி, அம்மாவாகிவிட்டாள். வெடித்த விரல்களைப் பார்த்ததும் அவள் கண்கள் நிறைந்தன. "இதுக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும்மா. நாங்க விடமாட்டோம்." கண்ணீர் அசல்தான். அதில் சந்தானத்துக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

அதன்பின் அவரை நியூ டவுனுக்கு அழைத்தார்கள். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் கண்ணை மூடி, அவரவர் மனத்தில் ஒரு நதியை ஓடவிட வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். சந்தானமும் மூடினார். அவருக்கு நதி வரவில்லை, ஹவுரா பாலத்து நெரிசல்தான் வந்தது. பிறகு ஆளுக்கு மூன்று வண்ணக் காகிதங்கள் கொடுத்தார்கள். மஞ்சள் வேதனைக்கு, ரோஜா கோபத்துக்கு, பச்சை நம்பிக்கைக்கு. எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சந்தானம் மூன்றிலும் 'குழாயை மூட வேண்டும்' என்று எழுதி ஒட்டினார்.

தேசிய ஒருங்கிணைப்பாளர் ஜெயபிரகாஷ், கைத்தறிக் குர்தா போட்டவர், எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"சார், குழாயை மூடறதுங்கறது வெறும் அவுட்புட். நாங்க தேடறது அவுட்கம்."

"அவுட்கம்னா?"

"மூடின குழாயைப் பத்தி நீங்க எப்படி ஃபீல் பண்றீங்கங்கறது."

"முதல்ல மூடினா ஃபீல் பண்ணிடலாம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் அதைக் குறித்துக்கொண்டாள். அடித்தட்டு மக்களின் நகைச்சுவை உணர்வு என்ற தலைப்பில் அது ஆண்டறிக்கையில் வந்தது.

சாட்சிப் பயிற்சி அடுத்து நடந்தது. சந்தானத்துக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ரயில்வேயில் மேலதிகாரிகளுக்கு எழுதி எழுதிப் பழகிய ஆங்கிலம். அவர் எழுந்து, பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்கிற தோரணையில் நான்கே வாக்கியங்களில் விஷயத்தை முடித்துவிட்டார். அது எடுபடவில்லை. அவ்வளவு தெளிவாகப் பேசினால் பாதிக்கப்பட்டவர் மாதிரித் தெரியவில்லையாம். தமிழிலேயே பேசும்படியும், சத்யப்ரியா மொழிபெயர்ப்பதாகவும் முடிவானது.

தலைமையகத்திலிருந்து ஹெல்கா என்ற பெண்மணி குளத்தைப் பார்க்க வந்தபோது அதைச் செயல்படுத்தினார்கள். சந்தில் எல்லோரும் பேண்டும் நைட்டியுமாக நிற்க, சந்தானம் மட்டும் வேட்டி கட்டி விபூதி பூசியிருந்தார். அன்று பிரதோஷம். ஹெல்கா நேராக அவரிடம் வந்து கை கூப்பினாள். உங்கள் இனத்தார் எத்தனை தலைமுறையாக இந்தப் புனித நீரின் கரையில் வாழ்கிறார்கள் என்று கேட்டாள்.

"எண்பத்து நாலுல கரக்பூர்லேருந்து டிரான்ஸ்ஃபர்ல வந்தேன்மா," என்றார் சந்தானம்.

சத்யப்ரியா கொஞ்சம் யோசித்து, "ரயில் வந்த காலத்திலிருந்து," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பொய் என்று சொல்ல முடியாது.

"தண்ணி நாறுது. குழாய மூடுங்க."

அவர் இதைச் சொல்லும்போது கூட வந்த ஒருவன் முகத்தை நெருங்கிப் படம் எடுத்தான். மொழிபெயர்க்கச் சத்யப்ரியாவுக்கு வெகுநேரம் பிடித்தது. நடுவில் 'மூதாதையர்' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. சந்தானத்தின் மூதாதையர் மன்னார்குடிப் பக்கம் நிம்மதியாகக் காவிரித் தண்ணீர் குடித்துப் போய்ச் சேர்ந்தவர்கள். ஹெல்கா, தண்ணீரைப் போற்றி இவர்கள் பாடும் பாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டாள். சகுந்தலாவைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது கல்யாண ஊஞ்சல் பாட்டுதான். பாடினாள். ஹெல்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்து வீட்டு ஜமுனா பவுதி, சந்தில் எல்லோருக்கும் அண்ணி முறை, அவளும் எதற்கென்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்ததில் ஒரு பலன் இருந்தது. கம்பெனி பயந்துவிட்டது. ஒருநாள் அதன் அதிகாரி ஒருவர் சந்துக்கே வந்து பேசினார். நகராட்சிக் குழாயிலிருந்து கிளை எடுத்துச் சந்து முனையில் குடிதண்ணீர் போட்டுத் தருகிறோம், செலவு எங்களுடையது, பதிலுக்கு இனிமேல் புகார் எதுவும் இல்லையென்று கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ரிக்‌ஷா ஸ்டாண்டை ஒட்டியிருக்கும் அடுத்த சந்துக்காரர்கள் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். அந்த வாரமே அங்கே மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சகுந்தலா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "போட்டுடலாமே," என்றாள்.

செய்தி கேட்டு சத்யப்ரியா வாடகைக் கார் பிடித்து ஓடி வந்தாள்.

"அங்கிள், ஒரே ஒரு தண்ணிக் குழாய்க்கு நியாயத்தை விக்கப் போறீங்களா? நீங்க கையெழுத்துப் போட்டா கேம்பெயினே காலி. இந்த கேஸோட முகமே நீங்கதான். இன்னும் கொஞ்சம் பொறுத்தா அவங்க குழாயையே மூட வேண்டி வரும், குளத்தையே சுத்தம் பண்ணித் தரணும். ப்ராமிஸ். அம்மா மேல சத்தியம்."

அவள் சொன்ன அம்மா, பக்கத்தில் நின்று மோர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை சந்தானம் வீடு வீடாகப் போனார். பூஜை வசூலுக்குக்கூட அப்படிப் போனதில்லை. கையெழுத்துப் போட வேண்டாம், பொறுத்திருப்போம் என்று தனக்குத் தெரிந்த வங்காள மொழியில் ஒவ்வொருவரிடமும் விளக்கினார். சிலர் முணுமுணுத்தார்கள். ஜமுனா பவுதி மட்டும் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, அண்ணன் முறைக்கு வழக்கமாக ஒட்டும் 'தா'வோடு கேட்டாள்.

"சந்தானம்தா, இது அவங்க சொல்றதா, நீங்க சொல்றதா?"

"நான் சொல்றேன்."

"அப்ப சரி. நீங்க சொன்னா பொறுக்கறோம்."

சந்து முழுக்க அவள் பேச்சுக்கு மரியாதை உண்டு. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

அதன்பிறகு நடந்தது வெளிநாட்டில். ஜமுனா பவுதியின் கைப்பேசியில் சந்தே கூடி நின்று பார்த்தது. பனி கொட்டுகிறது. கோர்வெல்டன் கட்டடத்தின் முன்னால் நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரர்கள். அத்தனை பேர் முகத்திலும் சந்தானத்தின் முகம், அட்டையில் அச்சடித்து ரப்பர் கயிறு கட்டியது. நெற்றியில் விபூதி, வாய் திறந்தபடி. ஒரு சந்தானம் முரசு அடித்தார். ஒரு சந்தானம் குழந்தையைத் தோளில் வைத்திருந்தார். இரண்டு சந்தானங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு முத்தமிட்டார்கள்.

"ஒருத்தரைக் கட்டிண்டே எனக்குப் போதும் போதும்னு ஆயிடுத்து," என்றாள் சகுந்தலா.

சந்தே சிரித்தது. சந்தானமும் சிரித்தார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்பது வருஷம் ரயில்வேயில் இருந்தும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காத உலகம், இப்போது எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது. இனி குழாயை மூடாமல் என்ன செய்வார்கள் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

கொஞ்ச நாளில் கம்பெனி வாசலில் ஏணி போட்டார்கள். வெளிநாட்டுப் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாமி பெயரை எழுதினார்கள். வாசலில் அதே காவலாளி, காலையில் அதே சங்கு. குளத்தில் அதே குழாய், வாரத் தொடக்கத்தில் அதே நீலம். சந்தானம் வாசலுக்குப் போய், எங்கள் சந்துக்குத் தருவதாகச் சொன்ன குடிதண்ணீர் விஷயம் என்னாயிற்று என்று விசாரித்தார். சொன்னவன் கப்பலேறிவிட்டான், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றார்கள். அது நியாயம்தான்.

அதே வாரம் கூட்டமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. அலிப்பூரில் ஒரு பெரிய அரங்கத்தில் வெற்றி விழா. கணவனும் மனைவியும் போனார்கள். சகுந்தலா விரல்களுக்கு மருந்து போட்டு வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள். வாசலிலேயே ஆளுயரத்துக்குச் சந்தானத்தின் படம். அதன் கீழே 'நாங்கள் வென்றோம்' என்று மூன்று மொழிகளில்.

ஜெயபிரகாஷ் மேடையேறினார். புதுக் குர்தா.

"நண்பர்களே, நம்ம அமைப்பு ஆரம்பிச்சதிலேருந்து இதுதான் முதல் முழு வெற்றி. நம்மளோட அழுத்தம் தாங்காம கோர்வெல்டன் ஹவுராவை விட்டே போயிட்டாங்க. தொழிற்சாலையை உள்ளூர்க்காரர் ஒருத்தருக்கு வித்துட்டு, இந்த மண்ணுல ஒரு துளிப் பொறுப்புகூட மிச்சம் வைக்காம போயிட்டாங்க. பெருமையோட சொல்றேன், ஹவுராவுல அயல்நாட்டு மாசு இன்னைக்குப் பூஜ்யம்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சந்தானத்தை மேடைக்கு அழைத்து, அவருடைய முகமூடி ஒன்றையே கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள். ஓரிரு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்திலேயே, குழாய் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து மூட ஏற்பாடு செய்யுங்கள் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். முந்தைய தடவையைவிடப் பலமாகவே தட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் ஜெயபிரகாஷை ஓரமாகப் பிடித்தார்.

"சார், நிஜமாவே ஊத்திண்டிருக்கு. அதே குழாய்."

"இங்கதான் நீங்க ஒரு நுட்பத்தைப் புரிஞ்சுக்கணும் சார். அது இப்ப இந்தியக் குழாய்."

"சாயம் அதேதானே சார்?"

"கெமிஸ்ட்ரி வேற, அக்கவுண்டபிலிட்டி வேற. போன மாசம் வரைக்கும் உங்க குளத்துல விழுந்தது சர்வதேச அநீதி. இப்ப விழறது லோக்கல் இஷ்யூ."

"சரி சார், அந்த லோக்கல்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

ஜெயபிரகாஷின் முகம் உண்மையாகவே சுருங்கிப்போயிற்று.

"வெளிநாட்டுத் தலைமையகம் இருக்கற ஒரு அமைப்பு, இந்தியத் தொழிலதிபரைப் பார்த்துக் கேள்வி கேக்கறதா? அது காலனிய மனோபாவம் சார். அதை எதிர்த்துத்தானே நாங்க இருக்கோம்." சொல்லிவிட்டுச் சந்தானத்தின் தட்டில் சந்தேஷ் இனிப்பு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்தார்.

சத்யப்ரியா தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அம்மா, நான் அடுத்த வாரம் கிளம்பறேன். ஒடிஷா. ஒரு சுரங்கம், அங்கே ஒரு மலையையே முடிச்சுட்டாங்க. கோர்வெல்டனைவிட பத்து மடங்கு பெரிய கம்பெனி." அவள் கண்ணில் வெளிச்சம் இருந்தது.

சகுந்தலா துணி சுற்றிய விரல்களை அவள் முன்னால் நீட்டினாள். "இன்னும் ஆறலடி."

சத்யப்ரியா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்தது. இந்தத் தடவையும் அசல்தான். "எங்க மேண்டேட் முடிஞ்சுபோச்சும்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"அந்தக் குடிதண்ணி வேண்டாம்னு சொல்லச் சொன்னது நீதானேம்மா?" என்றார் சந்தானம்.

"அது கரெக்டான டெசிஷன் அங்கிள். யோசிச்சுப் பாருங்க. நீங்க மட்டும் அதை வாங்கிண்டிருந்தா, அவங்க இன்னிக்கும் இங்கேயே இருந்திருப்பாங்க."

இருந்திருப்பார்கள். சந்து முனையில் தண்ணீரும் வந்துகொண்டிருக்கும். அவள் சொன்னதன் அர்த்தம் அவளுக்குப் புரியவில்லை. சந்தானத்துக்குப் புரிந்தது. அவர் சந்தேஷை அப்படியே வைத்துவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது கம்பெனிமேல் அவருக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கம்பெனிக்காரன் விஷம் கொட்டினான், கொட்டுவான் என்று தெரிந்துதானே இருந்தது. அவன் அம்மா என்று கூப்பிட்டு அடை சாப்பிடவில்லை. இவர்கள் நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள். அதுவும் கையைப் பிடித்து அழுதுகொண்டே அறுத்தார்கள். கத்தியாவது தன் கழுத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீடு வீடாகப் போய் எல்லோர் கழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு அந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்றாள் சகுந்தலா.

சந்தானத்தின் மடியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய வாய் திறந்தே இருந்தது.

இப்போதெல்லாம் காலையில் சந்தானத்தின் சந்துக்காரர்கள் வாளியோடு அடுத்த சந்துக்குப் போகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களின் குழாய் அது. கோர்வெல்டன் போட்டுக் கொடுத்ததில் உருப்படியாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அந்தச் சந்துக்காரர்கள் பிடித்து முடித்தபிறகு இவர்கள் பிடிக்கலாம் என்று ஏற்பாடு. யாரும் சண்டை போடவில்லை. சந்தானத்தையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் அவருக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அவர் வாளியோடு போய் வருவதற்கு அநியாயத்துக்கு நேரமாகிறது என்று ஒருநாள் சகுந்தலாவே பின்னால் போய்ப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். அவர் பின்னால் யாராவது வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கும் பின்னால் போய் நின்றார். மறுபடி யாராவது வந்தால் மறுபடியும். அவர் தன் சந்துக்காரர் ஒருவருக்கும் முன்னால் நிற்கவில்லை. அவள் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டாள்.

அன்று ஜமுனா பவுதி அவருக்கு முன்னால் நின்றிருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சந்தானம்தா, அந்த அட்டை முகத்துல உங்க வாய் திறந்திருக்கே. அப்ப என்ன சொல்லிட்டிருந்தீங்க?"

"குழாய மூடுங்கன்னு சொன்னேன் பவுதி."

"அவங்க அதுக்கு என்ன பண்ணாங்க?"

"கைதட்டினாங்க."

ஜமுனா பவுதி தலையை ஆட்டிவிட்டுக் குழாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் இரண்டு வாளியோடு ஒரு பெண் வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். சந்தானம் தன் வாளியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார்.